மூன்றாம் நாள் ராத்திரி வந்த பூச்சிகள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பதினைந்து வருடக் குடி, இப்போது தினமும் ஆஃப் பாட்டில். போன வருடம் சபரிமலைக்கு மாலை போட்டு நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார்; மந்திரித்துக் கயிறு கட்டினோம். இப்போது அவரே, குடியை விட்டவர்கள் கூடும் குழு இருக்கிறதாமே, சேர்த்துவிடு என்கிறார். திங்கட்கிழமையிலிருந்து தொடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? மகளுக்கு வரன் பார்க்கிறோம், ஊருக்குத் தெரிந்துவிடாதா? ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 92, நகத்தில் வெள்ளைப் புள்ளி. ஆன்லைனில் ஒரு பவுடர் வாங்கியிருக்கிறேன், ரசத்தில் கலந்து கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: திங்கட்கிழமை வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். ஒரு டாக்டர் இப்படி எழுதுவது வினோதமாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தப் பூச்சிகள்தான்.

அது காத்துக் கருப்பு இல்லை அம்மா. வருடக்கணக்கில் சாராயம் மூளையை அமுக்கிப் பிடித்திருக்கிறது, மூளையும் அதை எதிர்த்துத் தள்ளியே பழகிவிட்டது. அமுக்கும் கையைச் சட்டென்று எடுத்தால் அது தறிகெட்டு ஓடும். கடைசிக் குடிக்கு ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இல்லாததைப் பார்ப்பது, ஆள் தெரியாமல் பேசுவது, காய்ச்சல், படபடப்பு. இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர், கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஒரு தடவை வந்தவருக்கு அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகம். கார்த்திகை முதல் வாரத்தில் எங்கள் வார்டுக்கு வந்தால் கட்டிலுக்குக் கட்டில் கறுப்பு வேட்டி பார்க்கலாம், எல்லோரும் மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தியவர்கள்.

அதனால் முதல் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் குழு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை அவர்கள் கணக்காகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை அது. அட்மிஷன் கிடைக்கும்வரை பாட்டிலைப் பிடுங்காதீர்கள். தெருமுனை கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிக் கிடக்கும், அதை ஏற்றாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கலாம்.

நகப் புள்ளியை மறந்துவிடுங்கள். 92 என்பது ஈரல் முனகுகிற எண். அட்மிஷனில் மறுபடி பார்ப்பார்கள், கூகுளில் தேடித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பவுடரைக் குப்பையில் போடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியுமோ என்னவோ. குடியை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாதிரி மருந்து இருந்து, அவர் தெரியாமல் மேலே குடித்தால் முகம் சிவந்து, பிரஷர் இறங்கி, உங்கள் ரசமே அவரை ஐ.சி.யு.வில் சேர்க்கும். நோயாளிக்குத் தெரியாமல் அந்த மருந்தை நாங்களே கொடுப்பதில்லை.

சரி, குழு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஏ.ஏ. என்பார்கள். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, அதில் ஒருவர் எங்களைப் போல டாக்டர், சர்ஜன். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416, இரண்டும் இலவசம். ஆனால் நான் சொல்வது, வார்டிலேயே கவுன்சலரிடம் கேளுங்கள், எந்தக் கிழமை எங்கே கூட்டம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட அறையோ சர்ச் ஹாலோதான் (மதம் மாற்ற மாட்டார்கள், வாடகை குறைவு, அவ்வளவுதான்). பிளாஸ்டிக் நாற்காலி, டீ. ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஆரம்பிப்பார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். கட்டணம் இல்லை, கடைசியில் சுற்றி வரும் தட்டில் இஷ்டப்பட்டால் பத்து ரூபாய் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கேட்பதில்லை. முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம், ஐந்தாறு தடவை போன பிறகு முடிவு செய்யட்டும். நடுவில் ஒரு நாள் சறுக்கினாலும் மறுநாள் அங்கேயே போய் உட்காரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

உங்கள் நிஜமான பயம் ஊர்தான், புரிகிறது. அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது அவர்களுடைய முதல் வழக்கம். அப்படியும் கூச்சமாக இருந்தால் நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறி கோவைக் கூட்டத்துக்குப் போகட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், பதினைந்து வருடம் டாஸ்மாக் வாசலில் நின்றவரை ஊர் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும்போது ‘குடிச்சிட்டிருந்தார், இப்ப விட்டுட்டார்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது உங்களுக்குச் சாதகம்தானே?

குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, அவர் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கிளம்புவதற்கு முன்பே அவர் முந்திக்கொண்டு நிறுத்திவிட்டு, வலிப்போ உளறலோ வந்தால் உடனே 108. ஆஸ்பத்திரியில் கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த மூன்றாம் நாள் ராத்திரியை முதல் வரியில் எழுதுங்கள். கயிறு கட்டியதையும் சொல்லலாம், யாரும் திட்ட மாட்டார்கள்.