மன்னிப்பு வீடியோ போட்ட பிறகும் யூடியூபர்கள் ஏன் திட்டு வாங்குகிறார்கள்? விமர்சனம் வந்தால் எப்படிக் கையாள்வது?

இன்வெர்ட்டர், பேட்டரி, தண்ணீர் மோட்டார் பற்றி நான்கு வருடமாக ஒரு சின்ன சேனல் நடத்துகிறேன். நானும் பொதுவில் ஒரு தப்பைச் சொல்லி, அதைத் திருத்த வேண்டியிருந்தது. அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

பெரும்பாலான மன்னிப்புகள் ஆள் மாறிப் போகின்றன. கோபமாக இருப்பவர் பார்வையாளர். நஷ்டப்பட்டவர் வேறு ஒருவர். கேமராவைப் பார்த்துக் கோபக்காரரைச் சமாதானம் செய்யும்போது நஷ்டப்பட்டவர் அந்த வீடியோவிலேயே இருப்பதில்லை. பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

2023 ஆகஸ்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கணினிப் பொருட்களைச் சோதித்துக் காட்டும் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலுக்கு அப்போதே ஒன்றரைக் கோடி சந்தாதாரர்கள். பிரிட்டனைச் சேர்ந்த பில்லட் லேப்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம், கணினியின் சூட்டைத் தணிக்கத் தான் செம்பில் செய்த ஒரு கூலிங் பிளாக்கின் மாதிரியை அவர்களுக்கு அனுப்பியிருந்தது. அது 3090 டிஐ கிராபிக்ஸ் கார்டுக்காகச் செய்தது. இவர்கள் 4090 என்ற வேறு கார்டில் மாட்டிப் பார்த்தார்கள். சரியாகப் பொருந்தவில்லை. அப்படியே வீடியோ போட்டு, யாரும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான கார்டில் மறுபடி சோதிக்கலாமே என்று பார்வையாளர்கள் கேட்டதற்கு, அதற்குச் சில நூறு டாலர் ஆள்கூலி ஆகும், எப்படிப் பார்த்தாலும் இதை வாங்கச் சொல்ல முடியாது என்று சேனலின் நிறுவனர் லைனஸ் செபாஸ்டியன் நேரலையில் பதில் சொன்னார். அப்புறம், பில்லட் லேப்ஸ் திருப்பிக் கேட்டிருந்த அந்த மாதிரியைத் தங்கள் விழாவில் ஏலமும் விட்டுவிட்டார்கள்.

கணினிப் பொருட்களைச் சோதிக்கும் இன்னொரு சேனலான கேமர்ஸ் நெக்ஸஸின் ஸ்டீவ் பர்க் ஆகஸ்ட் 14 அன்று இதையும், அந்தச் சேனலின் மற்ற சோதனைப் பிழைகளையும் அடுக்கி ஒரு நீண்ட வீடியோ போட்டார். லைனஸின் முதல் பதில் எழுத்தில் வந்தது. நாங்கள் விற்கவில்லை, நற்பணிக்காக ஏலம் விட்டோம் என்றார். ஸ்டீவ் முதலில் என்னிடம் கேட்டிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டாயிற்று என்றும் எழுதினார். ஆனால் அது பற்றிய மின்னஞ்சல் பில்லட் லேப்ஸுக்குப் போனதே ஸ்டீவின் வீடியோ வந்த பிறகுதான் என்பது அடுத்த நாளே வெளியே வந்தது.

அந்த எழுத்தை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். பொருளை இழந்தவர்களுக்கு, விற்றதா ஏலமா என்பதில் என்ன வித்தியாசம்? அவர்கள் செய்த மாதிரிப் பொருள் போய்விட்டது. அந்த விளக்கம் பார்வையாளர்களுக்காக எழுதப்பட்டது. ஆகஸ்ட் 16 அன்று ஒரு வீடியோவும் போட்டார்கள். அதில் நல்லதும் இருந்தது: ஒரு வாரம் தயாரிப்பையே நிறுத்தி, பிழைகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றுகிறோம் என்று பலர் வந்து பேசினார்கள். அதே வீடியோவில் தங்கள் கடையைப் பற்றி ஒரு நகைச்சுவை, ஆரம்பத்தில் விளம்பர வருமானமும். மக்களுக்கு அந்த நகைச்சுவைதான் ஞாபகம் இருந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இழவு வீட்டில் போய் வியாபாரம் பேசினால் எத்தனை நல்ல மனிதராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காவிட்டால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தேன். ஒருவர் கமெண்ட் போட்டார்: "தம்பி, ஆர்ஓவுல உப்பு முழுசாப் போகாது. பிளேட்டு கெட்டுப்போகும். வீடியோவை மாத்துங்க." நான் ஒரு வருஷமா ஊத்துறேன், ஒண்ணும் ஆகலையே என்று பதில் போட்டேன். அவர் மறுபடி எதுவும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பேட்டரியின் கையேட்டைப் படிக்கும்போது அவர் சொன்னதே அச்சில் இருந்தது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெயர் கெடும் என்பதைவிட, எத்தனை வீட்டில் ஊற்றியிருப்பார்கள் என்பதே பயமாக இருந்தது.

யூடியூபில் ஏற்றிய வீடியோவை வேறொன்றாக மாற்ற முடியாது. வெட்டுவது போன்ற சின்ன மாற்றங்கள்தான் செய்ய முடியும். மேலே ஒரு கமெண்டைப் பின் செய்தால் டிவியில் பார்ப்பவர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை. எனவே அந்த வீடியோவை மறைத்துவிட முடிவு செய்தேன். மறைத்தால் கமெண்டுகளும் சேர்ந்து மறைந்துவிடும் என்பதால் முதலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஊற்றிவிட்டேன் என்று எழுதியிருந்தவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். அந்த அண்ணனுக்கும் அவர் கமெண்டின் கீழேயே, "நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு" என்று எழுதினேன். நான்கு நாள் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் பழையதை மறைத்துவிட்டு, இரண்டு நிமிடத் திருத்த வீடியோ போட்டேன். என்ன சொன்னேன், எது சரி, ஏற்கெனவே ஊற்றியவர் என்ன செய்ய வேண்டும், இவ்வளவுதான் அதில். அதில் விளம்பர வருமானத்தை அணைத்துவிட்டேன். என் மனநிலை பற்றி ஒரு வரி கூடப் பேசவில்லை.

எல்லா விமர்சனத்துக்கும் இப்படிப் பதில் தேவையில்லை. குரல் பிடிக்கவில்லை, பேச்சு இழுவை என்பவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை யூடியூப் பொதுவில் மறைத்துவிட்டதால், ஒரு வீடியோவில் தப்பு இருப்பதாகப் பார்வையாளருக்குச் சொல்லும் இடம் பெரும்பாலும் கமெண்டுதான். அதனால் தகவல் தப்பு என்று யார் எழுதினாலும், எவ்வளவு கோபமாக எழுதினாலும், கையேட்டை எடுத்துப் பார்த்த பிறகே பதில் எழுதுகிறேன். கமெண்டை அழிப்பதும் இல்லை.

அந்த மூவரில் ஒருவர் தன் எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொன்னார். மூன்று மாதமாக ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றியிருந்தார். இனி டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், பேட்டரிக் கடையில் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் ஆறு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படம் அனுப்பினார். ஐந்து சரியாக இருந்தன. ஆறாவது கொஞ்சம் இறங்கியிருந்தது.

பேட்டரிக்குப் பாதி விலை தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். மாதம் ஒருமுறை அந்த ஆறாவது செல்லின் எண்ணை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.