அப்பா ஏபிகே கோப்பை இன்ஸ்டால் செய்துவிட்டார், பணம் இன்னும் போகவில்லை: என்ன செய்வது?

"இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி, அப்பா அதிலிருந்த ஏபிகே கோப்பை (ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) நிறுவி, டெபிட் கார்டு எண்ணையும் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், போதுமா என்கிறீர்கள். அதே போனில் மாற்றியிருந்தால் போதாது. இந்த வகை செயலிகள் பெரும்பாலும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொள்ளும். ஓடிபி உங்கள் அப்பா கண்ணில் படும் முன்பே மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடும்.

முதலில் அந்த போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து கார்டு, நெட்பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணை கார்டின் பின்பக்கம் பார்த்து எடுங்கள். கூகுளில் தேடினால் போலி எண்கள் வந்து நிற்கும், அது தனிக் கதை. புகார் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நம் கவனக்குறைவால் தகவல் போயிருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது.

அப்புறம், படங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிது போலாக்குவது. செயலியை நீக்கினால் மட்டும் நான் நம்பமாட்டேன். ரீசெட் முடிந்ததும் ##002# அழுத்துங்கள், அப்பாவுக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் ஏதும் போட்டிருந்தால் ரத்தாகும்.

ஒரு ரூபாய் போனாலும் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். அந்தச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதா? ரீசெட்டுக்கு முன் எடுத்துவிடுங்கள், புகாருக்குத் தேவைப்படும்.

அப்பாவைத் திட்டாதீர்கள். அடுத்த முறை சொல்லாமலே விட்டுவிடுவார்.