மகன் பந்தோடு வெளி மாநிலம் போகட்டுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் 19 வருடங்களாக இருக்கிறோம். ஒரே மகன், வருகிற செப்டம்பரில் 12ஆம் வகுப்பு. பள்ளி பேஸ்பால் அணியில் வலது கை பிட்சர், அதாவது பந்து வீசுபவன். 84 மைல் வேகத்தில் போடுகிறான் என்கிறார்கள். படிப்பிலும் குறையில்லை, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஆசை. தெற்கே கரோலினா பக்கம் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் கோச், காலேஜ் விளையாட்டின் மேல் தட்டான டிவிஷன் 1 அணிக்கு வாக்-ஆனாக, அதாவது விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லாமல், வரச் சொல்கிறார். பென்சில்வேனியாவில் ஒரு சின்ன தனியார் காலேஜ், கீழ்த் தட்டான டிவிஷன் 3, படிப்புக்கு நல்ல ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்கிறது. இவனுக்கு டிவிஷன் 1 என்ற வார்த்தையைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. கணவரோ, "இங்கேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒழுங்காகப் படிக்கட்டும், பந்தை வார இறுதியில் போடட்டும்" என்கிறார். "பிட்சர் குமார் ராக்கரே வெளி மாநிலம் போய்த்தானே பெரிய ஆள் ஆனார்" என்று மகன் எதிர்க்கேள்வி கேட்கிறான். அப்பாவும் பிள்ளையும் பேசி மூன்று வாரம் ஆகிறது. என்ன செய்யலாம்?

- பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கோச் 'வரச் சொல்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது வேறு, பந்தியில் இலை போட்டு உட்காரவைப்பது வேறு. உங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. இலை போட்டிருக்கிறார்களா என்பதை இன்னும் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நானும் விசாரிக்காமல் போனவன்தான். என் மகன் கேட்சர், பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவன். 2016இல் அவனைத் தெற்கே ஒரு அரசுக் காலேஜுக்கு, உங்களுக்கு வந்த மாதிரியே ஒரு வாக்-ஆன் அழைப்பை நம்பி அனுப்பினேன். பார்க்கப் போனபோது லாக்கர் அறையில் அவன் பெயர் பொறித்த ஜெர்சியை மாட்டி வைத்திருந்தார்கள். நான் முப்பது போட்டோ எடுத்தேன், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தான். முதல் நாள் பயிற்சியில் 46 பையன்கள், அணியில் இடமோ 35 பேருக்கு. நவம்பரில் கோச் அறைக்குக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். அன்று பார்க்கிங் லாட்டிலிருந்து போன் வந்தது. "அப்பா, கார்ல உட்கார்ந்திருக்கேன்" என்றான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வெளி மாநிலக் கட்டணம் முழுதாகக் கட்டியாகிவிட்டது. அடுத்த வருடம் ஊருக்கே வந்து வேறு காலேஜில் சேர்ந்தபோது, படித்ததில் பத்து கிரெடிட்டை இங்கே ஏற்கவில்லை.

அந்தக் கோச் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால் 46 என்ற எண்ணைச் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பக்கத்துக்குப் போங்கள். ரோஸ்டர் என்று ஒரு பட்டியல் இருக்கும், பழைய வருடங்களையும் வைத்திருப்பார்கள். கடைசி மூன்று வருடத்துப் பட்டியலை எடுத்து, வலது கை பிட்சர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியலில் ஃப்ரெஷ்மனாக, அதாவது முதல் வருட மாணவராக, இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடமும் இருக்கிறார்கள்? மூன்றாம் வருடம்? ஆறு பேர் வந்து ஒருவன்தான் மிச்சம் என்றால், உங்கள் மகனுக்கு வைத்திருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். 'முந்தைய பள்ளி' என்ற பத்தியையும் பாருங்கள். அதில் நிறைய பேருக்கு இன்னொரு காலேஜின் பெயர் இருந்தால், அந்தக் கோச், காலேஜ் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து 21, 22 வயது ஆட்களை எடுத்து அணியை நிரப்புகிறவர். 18 வயதுப் பிள்ளையை வளர்த்தெடுக்க அவருக்குப் பொறுமையும் இல்லை, அவசியமும் இல்லை. சொந்த ஊர் பத்தியில் வடக்கிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியும். பிறகு புள்ளிவிவரப் பக்கத்தில் ஒவ்வொரு பிட்சரும் வீசிய இன்னிங்ஸ் கணக்கு. டிவிஷன் 1 அணி ஒரு சீசனில் 56 ஆட்டம் வரை ஆடும். அதில் முதல் வருடப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து எத்தனை இன்னிங்ஸ் வீசியிருக்கிறார்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

ஒரு மணி நேர வேலை. எனக்கு 2016இல் இதைச் சொல்ல ஆள் இல்லை.

இப்போது நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது. முன்பு டிவிஷன் 1 பேஸ்பால் அணி ஒன்றுக்கு மொத்தமே 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான். அதைத்தான் பல வருடங்கள் 27 பேர் வரை பிய்த்துப் பிய்த்துப் பங்கு போட்டார்கள். காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மீதான வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பணக்கார அணிகளுக்கு இது கொண்டாட்டம், 34 பேருக்கும் பணம் கொடுக்கலாம். அப்படியானால் பணம் வாங்காத வாக்-ஆனுக்கு எங்கே இடம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் உடன்பாட்டில் சேர்ந்திருக்கிறதா, இலையுதிர்காலப் பயிற்சிக்கு எத்தனை பேரைக் கூப்பிடுகிறார்கள், அதில் எத்தனை பேரைக் கழிப்பார்கள் - இந்த மூன்றையும் கோச்சிடம் நேராகக் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். இதெல்லாம் அவர்களுக்குப் பழகிய கேள்விகள்.

11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதலே டிவிஷன் 1 கோச்கள் பையனோடு நேரடியாகப் பேசலாம் என்பது விதி. உங்கள் மகன் அந்தத் தேதியைத் தாண்டி ஒரு வருடம் ஆகப்போகிறது. இதற்குள் அந்தக் கோச்சோ உதவி கோச்சோ எத்தனை தடவை நேரில் வந்து அவன் வீசுவதைப் பார்த்தார்கள்? காசு கட்டிப் போன கேம்பில் பார்த்ததோடு சரி என்றால், உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கேம்ப் அழைப்பு மின்னஞ்சல் மொத்தமாகப் போவது, கேம்ப் கட்டணம் அவர்களுக்கு ஒரு வருமானமும்கூட. 84 மைல் இந்த வயதில் மோசமே இல்லை. ஆனால் தெற்கத்திய பெரிய அணிகள் தேடுவது 90ஐத் தொடுகிற கைகளை.

பணத்துக்கு வருவோம். வெளி மாநிலம் என்பது அரசுப் பல்கலைக்கழகங்களில் மட்டும்தான் ஒரு பிரச்சினை. தனியார் காலேஜில் எடிசன் பையனுக்கும் அடுத்த தெருப் பையனுக்கும் ஒரே கட்டணம். பேச்சுக்கு, ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் 15,000 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்குக் கால் பங்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் 30,000 கட்ட வேண்டும். எதுவுமே வாங்காத உள்ளூர்ப் பையன் கட்டுவதைப்போல அது இரண்டு மடங்கு. வாக்-ஆனுக்கு அந்தக் கால் பங்கும் கிடையாது. போதாக்குறைக்கு ஜார்ஜியாவின் ஹோப், ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ், லூசியானாவின் டாப்ஸ் என்று பல தெற்கு மாநிலங்கள் நன்றாகப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகின்றன. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வீசினால், கோச்சுக்கு உள்ளூர்ப் பையன்தான் மலிவு. மேற்கு மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதில் சேர்ந்த காலேஜ்கள் பக்கத்து மாநில மாணவரிடம் உள்ளூர்க் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் வாங்குவதில்லை. நியூ ஜெர்சி அந்த மாதிரி எந்தக் கூட்டிலும் இல்லை.

இன்னொன்று, உங்கள் குடும்ப மருத்துவக் காப்பீடு கரோலினாவில் செல்லுமா என்று பாருங்கள். பிட்சரின் முழங்கை விலையுயர்ந்த சாமான்.

குமார் ராக்கர் விஷயம். உங்கள் மகன் சொல்வது பொய் இல்லை, பாதி உண்மை. ராக்கருடைய அம்மா வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள், நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவர் படம் அடிக்கடி சுற்றுவதற்கு அதுதான் காரணம். ஜார்ஜியாவில் பள்ளி படித்து, டென்னசி மாநிலத்து வாண்டர்பில்ட்டுக்குப் போனார். ஆனால் வாண்டர்பில்ட் தனியார் பல்கலைக்கழகம், அங்கே உள்ளூர் வெளியூர்க் கட்டண வித்தியாசமே இல்லை. 2018இல் பள்ளி முடிக்கும்போதே கொலராடோ ராக்கீஸ் என்ற தொழில்முறை அணி அவரை டிராஃப்ட் செய்தது, அதாவது தங்கள் அணிக்குத் தேர்ந்தெடுத்தது, அதை விட்டுவிட்டுத்தான் காலேஜுக்குப் போனார். ஆறடி ஐந்து அங்குல ஆள். முதல் வருடமே, 2019 ஜூனில், டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், மட்டை பிடித்தவர்களை 19 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அவரை வாண்டர்பில்ட் தேடிப் போய் அழைத்தது, வாக்-ஆனாக வந்து பார் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்டவரையே 2021இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவதாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, மருத்துவ அறிக்கையைப் பார்த்து ஒப்பந்தம் போடாமல் விட்டது. அடுத்த வருடம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. உதாரணம் காட்டுவதென்றால் இந்தக் கதையை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள்.

கணவர் சொல்வதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ரட்கர்ஸ் அணியும் டிவிஷன் 1தான், பெரிய பல்கலைக்கழகங்களின் பிக் டென் கூட்டமைப்பில் ஆடுகிறது, வார இறுதியில் சும்மா போய்ப் பந்து போட்டுவிட்டு வரும் இடமில்லை. அவர் மனதில் இருப்பது கிளப் பேஸ்பாலாக இருக்கலாம். பல பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் கிளப் அணி உண்டு. அது கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் 17 வயதுப் பையனிடம் 'வார இறுதியில் போடு' என்றால், 'விட்டுவிடு' என்றுதான் அவன் காதில் விழும். மூன்று வார மௌனம் அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

படிப்பு கெடும் என்ற அவருடைய கவலை நியாயமானது. டிவிஷன் 1 சீசன் பிப்ரவரி நடுவிலேயே தொடங்குகிறது. வடக்கத்திய அணிகளுக்குச் சொந்த மைதானத்தில் அப்போது பனி கிடக்கும், முதல் சில வாரங்கள் தெற்கே பறந்து பறந்து ஆடிவிட்டு வருவார்கள். தெற்கே இருக்கும் அணிக்கு அந்த அலைச்சல் குறைவு, வெயிலும் கூட. இந்த ஒரு விஷயத்தில் கரோலினாவுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் இன்ஜினியரிங் லேப்கள் பெரும்பாலும் மதியம், பயிற்சியும் மதியம். 'உங்கள் அணியில் இன்ஜினியரிங் படிப்பவர்கள் யார், அவர்களில் ஒருவரோடு என் மகன் பேசலாமா' என்று கேளுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால், அங்கே போனபின் உங்கள் மகனும் இரண்டாம் வருடத்தில் மேஜரை மாற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

பென்சில்வேனியா காலேஜ்தான் என் சாய்வு. டிவிஷன் 3இல் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. படிப்புக்காகத் தருகிற பணம் என்பதால், தோள் வலித்து ஆட்டத்தை விட்டாலும், மதிப்பெண் இருக்கிறவரை அது கையில் இருக்கும். சீசனும் 40 ஆட்டம்தான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்று பாருங்கள்: அங்கே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இருக்கிறதா? பல சின்னத் தனியார் காலேஜ்களில் இன்ஜினியரிங் துறையே இருக்காது. மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் வேறு பல்கலைக்கழகத்தில் என்று ஒரு ஏற்பாடு சொல்வார்கள். அதற்குப் போனால் நான்காம் வருடம் இந்த அணியில் பந்து கிடையாது. இன்ஜினியரிங்கும் டிவிஷன் 3 பேஸ்பாலும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ஹோபோக்கனில் ஸ்டீவன்ஸ், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி. என்று இருக்கின்றன. ஹாப்கின்ஸ் 2023இல் டிவிஷன் 3 இறுதிச் சுற்றுவரை போன அணி. இந்த மாதிரி இடங்களில் 12ஆம் வகுப்புக்கு முந்தைய கோடையிலேயே, கோச் கேட்டுக்கொண்டால், அட்மிஷன் அலுவலகம் மதிப்பெண்களை முன்கூட்டிப் பார்த்து நிலவரம் சொல்வதுண்டு. அதை ப்ரீ-ரீட் என்பார்கள். இந்தக் கோடை உங்களுக்கு அதுதான். தள்ளிப்போட வேண்டாம்.

டிவிஷன் 1 ஆசை அப்படியும் அடங்கவில்லை என்றால் கம்யூனிட்டி காலேஜ் வழி ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே ஊரில் என்ன சொல்வார்கள் என்று முகம் சுளிப்பார்கள். பேஸ்பால் நட்சத்திரங்கள் பிரைஸ் ஹார்ப்பரும் ஆல்பர்ட் புஹோல்ஸும் கம்யூனிட்டி காலேஜில் ஆடி வந்தவர்கள். இரண்டு வருடம் நிறைய இன்னிங்ஸ் வீசி, உடம்பு தேறி, பிறகு மாறலாம். இன்ஜினியரிங் கிரெடிட் எவ்வளவு ஏறும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கோச்களுக்கு எழுதுவதும் போன் பேசுவதும் மகனே செய்யட்டும். அம்மா எழுதிய மின்னஞ்சல் என்று முதல் வரியிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ரோஸ்டர் எண்ணும் வேலையை மட்டும் அவனிடம் தனியாக விடாதீர்கள். உங்கள் கணவர் எக்செல் பிரியராக இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பையன் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவர் தட்டிக்கொண்டே வரட்டும். காபி கொண்டுபோய் வைத்துவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் போய்விடுங்கள்.