வாசகர் கேள்வி–பதில்: கடைசிப் பந்தி வரை காத்திருக்கலாமா?

கேள்வி: வரும் வைகாசியில் பாளையங்கோட்டையில் என் மகளுக்குத் திருமணம். முகூர்த்தச் சாப்பாட்டிலும் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டிலும் மிஞ்சுவதை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். மிச்சத்தைக் கொடுப்பது ஏழைகளை அவமதிப்பதாகும் என்று எங்கள் அண்ணாச்சி தடுக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சியின் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். இலையில் எஞ்சியதையும் பந்தியில் சுற்றிவந்த வாளியில் கிடப்பதையும் கொடுத்தால் அது அவமதிப்புதான். ஆனால் சமையல் நடக்கும் ஆக்குப்புரையின் அண்டாவிலிருந்து இன்னும் எடுக்கப்படாத சோறும் சாம்பாரும் மிச்சமல்ல. உங்கள் சம்பந்தி வீட்டார் உண்ணும் அதே உணவு.

ஆகவே கடைசிப் பந்தி முடியும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டாம் பந்தி எழும்போதே, எவ்வளவு மிகும் என்பது சமையல் செய்யும் தவசிப்பிள்ளைக்கும், சாமான் அறையான உக்கிராணத்தில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். அப்போதே அந்தப் பங்கை மூடியுள்ள சுத்தமான பாத்திரங்களில் சூடு ஆறாமல் எடுத்துவைத்து, பசிக்கிற வேளையிலேயே போய்ச் சேரும்படி அனுப்பிவிடுங்கள். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் அந்த இரண்டு மணி நேரத்தையும் நான் நம்ப மாட்டேன். தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியும், தேங்காய் அரைத்துவிட்ட அவியலும் மற்றவற்றைவிட விரைவில் கெடுபவை. அடுப்பிலிருந்து இறக்கியவுடன் அனுப்ப முடியாவிட்டால் அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவுக் கட்டுப்பாடு இருக்கும். நிர்வாகத்தின் அனுமதி பெற்று, உடனிருக்கும் உறவினர்களுக்கு மட்டும் கொடுங்கள். முதியோர் இல்லமோ ஆதரவற்ற குழந்தைகள் இல்லமோ இன்னும் பொருத்தம். எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொண்டால், அன்றைய மதியத்துக்கு அவர்கள் உலை வைக்க மாட்டார்கள். வேளை தவறாமல் அனுப்புவது அதன்பின் உங்கள் கடமை. தொண்டு அமைப்பு வழியாகக் கொடுப்பதானால், அது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறதா என்று விசாரியுங்கள். உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019ஆம் ஆண்டு விதிமுறைகளை வகுத்திருக்கிறது.

கேள்வி: மதியம் மிஞ்சிய சோற்றை இரவில் சூடாக்கிக் கொடுக்கலாமா? இல்லையேல் மாட்டுக்கு வைக்கலாமா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அண்டாவிலேயே கிடந்து ஆறிய சோற்றைக் கொடுக்கவே கூடாது. அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் விதைத்துகள்கள் கொதியிலும் சாகாமல் தப்பி, சோறு மெல்ல ஆறும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பசியோடு இருப்பவர் மணம் மாறியதைக்கூடப் பொருட்படுத்தாமல் உண்டுவிடுவார் என்பதால், கொடுப்பவர்தான் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

மாட்டுக்கும் அண்டா அண்டாவாகக் கொட்டாதீர்கள். அளவுக்கு மீறிய சோறு அதன் இரைப்பையில் புளித்து அமிலமாகி உயிரையே பறித்துவிடும். வீணாய்ப் போன சோறு உரக்குழிக்குப் போகட்டும்.