கையேடு இருக்கிறது, ஆனாலும் போன் நிற்கவில்லை

கேள்வி: கும்பகோணம் பக்கம் நாங்கள் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து, நெல் சாகுபடிக் கணக்கு எழுத ஒரு கட்டற்ற மென்பொருள் செய்திருக்கிறோம். வேலை போக மிச்ச நேரத்தில்தான் கவனிக்கிறோம். 60 பக்கக் கையேட்டைப் பிடிஎஃப்பாகக் கொடுத்தும் எல்லாச் சந்தேகத்துக்கும் போன்தான் வருகிறது. காசு செலவில்லாமல் கையேட்டைச் சீர்செய்து வெளியிட வழி உண்டா?

பதில்: உண்டு. எந்தக் கருவி என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தப் போன்களைக் குறித்து வையுங்கள். கேட்டவர் எந்த வார்த்தையில் கேட்டாரோ அதையே எழுதுங்கள். ஒரு குறுவை அறுப்பு முடிவதற்குள் புதிய கையேட்டின் பொருளடக்கம் கையில் இருக்கும். பழைய கையேடு அநேகமாக மெனு வரிசைப்படி போயிருக்கும். ‘கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லை எங்கே பதிவது?’ என்று தேடுகிறவருக்கு மெனு வரிசையால் என்ன பயன்?

ஓர் உதாரணம். ‘நிலப்பரப்பை உள்ளீடு செய்யவும்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெல்டாவில் இன்றும் பலர் மா கணக்கில்தான் பேசுகிறார்கள். மூன்று மா ஓர் ஏக்கர். ஐந்து ஏக்கர்காரர் 15 என்று அடித்தால், ஏக்கர் மகசூல் மூன்றில் ஒரு பங்காகக் காட்டும். திட்டு உங்களுக்குத்தான். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பரப்பை ஏக்கரில் அடியுங்கள். மா கணக்கு என்றால் மூன்றால் வகுத்துப் போடுங்கள். 15 மா என்றால் 5.’ அதைவிட நல்லது, திரையிலேயே அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஏக்கர், மா இரண்டையும் தேர்வாக வைத்துவிடுவது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு பெரும்பாலும் திரையில் இருக்கும், கையேட்டில் இருக்காது.

எழுதியதை மென்பொருளைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, ‘40 கிலோ சிப்பம் 50 போட்டேன், பதிவு செய்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. அது கஷ்டம்தான். அவர் தடுமாறும் இடத்தில்தான் நீங்கள் திருத்த வேண்டும்.

வெளியிடுவது எளிது. நிரலையும் அதில் செய்யும் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்திலேயே ஒரு கோப்புறை போட்டு, மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் சாதாரண உரை வடிவம்) எழுதுங்கள். எம்கேடாக்ஸ் என்ற இலவசக் கருவி அதை இணையதளமாக்கி, ஒரே கட்டளையில் கிட்ஹப் தளத்தின் இணையப்பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றிவிடும். பொதுக் களஞ்சியத்துக்குக் கட்டணம் இல்லை. பதிப்புவாரியாகக் கையேடு வேண்டுமென்றால் ரீட் த டாக்ஸ் என்ற தளம் இருக்கிறது. நிரலும் கையேடும் ஒரே இடத்தில் இருந்தால், திரையை மாற்றுகிறவர் அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) கையேட்டு வரியையும் மாற்ற வேண்டும் என்று விதி வைக்கலாம். இந்த விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2017இல் கட்டற்ற மென்பொருள்காரர்களிடம் கிட்ஹப் நடத்திய ஆய்வில் 93 சதவீதம் பேர் அரைகுறையான, பழசாகிப்போன ஆவணங்களைப் பிரச்சினையாகச் சொன்னார்கள். ஆவணத்துக்குப் பங்களிப்பது அரிது அல்லது இல்லவே இல்லை என்று பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் சொன்னதும் அதே ஆய்வில்தான்!

கிட் தெரியாதவர்களை விரட்டிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பும் திருத்தத்தை உங்களில் ஒருவர் ஏற்றட்டும். பங்களித்தோர் பட்டியலில், அவர்கள் சம்மதித்தால், பெயரைச் சேருங்கள். ஸ்கிரீன்ஷாட் குறைவாக இருக்கட்டும், ஒவ்வொரு பதிப்பிலும் மாற்றி மாளாது. அதில் நிஜ விவசாயியின் பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு எதுவும் தெரியவே கூடாது. உரிமத்துக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ (பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யாரும் பகிரலாம்) போதும், விக்கிப்பீடியாவும் அதையே வைத்திருக்கிறது.

பழைய கையேடு பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், முதல் வேலையாக எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தேடினால் ஒன்றும் அகப்படாது. பிடிஎஃப்பை அடியோடு நிறுத்த வேண்டாம், வயலில் சிக்னல் கிடைக்காதவருக்கு அதுதான் உதவும். ஆனால் தனியாகத் தட்டச்சு செய்யாமல், அதே மார்க்டவுன் கோப்புகளிலிருந்தே எடுங்கள். முதல் பக்கத்தில் பதிப்பு எண், தேதி, இணைய முகவரி மூன்றும் பெரிதாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பழைய பிரதி சுற்றிக்கொண்டுதான் இருக்கும்; போன் வந்தால் முதலில் அந்தத் தேதியைக் கேளுங்கள்.