ஐந்து ஆய்வாளர்களுக்கு எந்த நாஸ் பெட்டி?

கேள்வி: காரைக்குடியில் ஐந்து ஆய்வு மாணவர்கள் சேர்ந்து செட்டிநாட்டு வீடுகளின் பழைய கணக்கேடுகளை ஸ்கேன் செய்கிறோம். ஆளுக்கொரு எக்ஸ்டர்னல் டிஸ்க் இருப்பதால், கடைசியாகத் திருத்திய பிரதி யாரிடம் என்பதே தெரிவதில்லை. நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (எல்லோரும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொதுச் சேமிப்புப் பெட்டி) வாங்கினால் பேக்கப்பே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: முதலில் பக்கத்தை எண்ணுங்கள். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில், சுருக்காத டிஃப் படக்கோப்பாக வைத்தால் சுமார் 104 எம்பி. பத்தாயிரம் பக்கத்துக்கு 1 டிபியும் கொஞ்சமும். 50,000 பக்கம் என்றாலும் 5.2 டிபிதான். இதற்கு இரண்டு டிஸ்க் பெட்டியே தாராளம். 8 டிபி டிஸ்க் இரண்டை ரெய்டு 1-ல் போடுங்கள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். திரையில் 7.27 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டை வேண்டாம். டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கணினி 1024-ஆல்.

பேக்கப் வேண்டாம் என்றதுதான் தவறு. டிஸ்க் செத்தால் மட்டுமே ரெய்டு கைகொடுக்கும். யாராவது கைதவறி ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் போய்விடும். அதனால் ஸ்னாப்ஷாட் வசதி (கோப்புகளின் முந்தைய நிலையை அவ்வப்போது பதிந்து வைப்பது) உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த சிலவற்றில் இருக்காது. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு 8 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க். வாரம் ஒருமுறை பிரதி எடுத்ததும் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதுவது) என்று மாடல் எண்ணை வைத்துக் கம்பெனி தளத்தில் பாருங்கள். தடங்களை ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகையில் ஒன்றை மாற்றி ரெய்டை மறுபடி கட்டும்போது எழுதும் வேகம் படுத்துவிடும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் இதுதான் பெரிய சர்ச்சையானது. இப்போது அங்கே சிஎம்ஆர் வேண்டுமென்றால் ரெட் பிளஸ். டிஸ்க் வந்த பெட்டியைப் பிரிக்கும் முன்பே சீரியல் எண்ணைத் தட்டி, இந்தியாவில் வாரன்டி உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பில் இருந்தும் பயனில்லை.

நம் ஊர் கரண்டை நம்பி நேராகச் செருகாதீர்கள். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி போர்ட் இருக்க வேண்டும், நாஸ் அதை ஏற்கும் மாடலாகவும் இருக்க வேண்டும். அந்த ஒயர் வழியாகத்தான் ‘கரண்ட் போய்விட்டது’ என்று தெரிந்து பெட்டி தானே முறையாக அணையும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இதைச் சொல்லாது.

‘புதுப் பெட்டி, ஆனால் மெதுவாக இருக்கிறது’ என்றால் பெரும்பாலும் குற்றம் கேபிளில். கிகாபிட் வேகத்துக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். கேபிள் முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்ததில் ஒன்று விட்டிருந்தால் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு நொடியில் திறக்கும் பக்கம் ஒன்பது நொடி எடுக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால்?

பதில்: அப்லோடு வேகம் 100 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தாலும் 1 டிபி ஏற 22 மணி நேரம். பக்கப் பட்டியலையும் சுருக்கிய ஜேபெக் பிரதிகளையும் மட்டும் ஏற்றுங்கள். ஆய்வு முடிந்தபின் மாத வாடகை யார் கட்டுவது என்று நெறியாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.