நடுக்கத்தைக் கவனித்தால் நடுக்கம் கூடுகிறதே?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். காபி சிந்திவிடுமோ என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிப்பது) நல்லது என்றார்கள். ஆனால், "கண்ணை மூடினால் நடுக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது" என்று இரண்டாம் நாளே எழுந்துவிட்டார். தொடரச் சொல்லலாமா?

பதில்: அப்பா சொல்வது சரிதான். இந்த நோயில் கை சும்மா இருக்கும்போதுதான் பெரும்பாலும் நடுங்கும். பதற்றம் சேர்ந்தால் இன்னும் கூடும். கண்ணையும் மூடிவிட்டால் அவர் வேறு எதைக் கவனிப்பார்?

அதனால் கண்ணைத் திறந்தே வைத்திருக்கட்டும். கைப்பிடி உள்ள நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, தரையின் குளிர்ச்சியையும் தெருவில் கேட்கும் சத்தங்களையும் கவனிக்கட்டும். நடுக்கம் வந்தால் 'கை நடுங்குகிறது' என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் பாதத்துக்குத் திரும்ப வேண்டும். 'எல்லோரும் பார்க்கிறார்களே' என்று அடுத்து வரும் நினைப்புதான் அவரை வீட்டுக்குள் முடக்குகிறது. பயிற்சி அந்த நினைப்புக்குத்தான், நடுக்கத்தை நிறுத்த அல்ல. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். நின்றபடி கண்ணை மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், விழுந்துவிடுவார்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஹாங்காங்கில் 138 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. மைண்ட்ஃபுல்னெஸ் கலந்த யோகாவை 8 வாரம் செய்தவர்களுக்கு, சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தன. அவர்கள் நோய் முற்றாதவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அப்பாவின் பேச்சு குறைந்ததுதான் எனக்குக் கவலை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், மனச்சோர்வாக இருக்கலாம். டோபமைன், செரடோனின் போன்ற மூளை ரசாயனங்கள் குறைவதாலும் மனச்சோர்வு வரும். அதுவும் இந்த நோயின் ஒரு பகுதி. அவருக்கு மன உறுதி இல்லை என்று அர்த்தமில்லை. மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் பதற்றம் வந்த நேரத்தையும் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் பதற்றம் வந்தால், மருந்தின் வேகம் இறங்குவது காரணமாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவர் நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். நீங்களாக மாற்ற வேண்டாம். சோகமும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை தேவைப்படும். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்பதுபோல் பேசினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அப்புறம், அடுத்த கல்யாணத்துக்கு மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். காபியை அரை டம்ளர் மட்டும் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.